கால் எட்டாத நாற்காலிகள் – அத்தியாயம் 14

வீடு காலியாக இருந்தது. அப்பாடா என்று இருந்தது.

போன வாரம் அருங்காட்சியகத்து லாரி வாசலில் வந்து நின்றதோடு விட்டிருந்தோம். அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டு மேஜை, அதன் ஆறு நாற்காலிகள், கட்டில்கள், புத்தக அலமாரி என்று பெரியவர் தன் கையால் படம் போட்டுச் செய்வித்த அத்தனையையும் போர்வை சுற்றி, தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பெரியவர் லாரியின் பின்னாலேயே தெருமுனை வரை போய், "சாய்க்காதே, சாய்க்காதே" என்று கத்திவிட்டு வந்தார். இன்றைக்குக் கண்காட்சித் திறப்பு விழா.

லாரி போனதிலிருந்து நம் மருமகளுக்குத் தரையில்தான் படுக்கை, தரையில்தான் சாப்பாடு. அவள் முகத்தில் இப்படி ஒரு தெளிச்சியை இத்தனை அத்தியாயத்தில் நான் பார்த்ததே இல்லை. கூடத்தின் குறுக்கே நேராக நடக்கிறாள்! மேஜையைச் சுற்றிப் போக வேண்டாம், நாற்காலி முதுகில் இடித்துவிடாமல் ஒடுங்க வேண்டாம். தரையில் பதித்த பித்தளைப் பொட்டுகள் மட்டும்தான் மிச்சம். ஒவ்வொரு நாற்காலியின் காலும் எங்கே நிற்க வேண்டும் என்று வீடு கட்டும்போதே பெரியவர் அடித்து வைத்த பொட்டுகள் அவை. சாப்பிட்டு எழுந்தால், நாற்காலிக் கால்களைப் பொட்டுக்கு நேராக வைத்துவிட்டுத்தான் கை கழுவப் போகலாம். விருந்தாளிக்கும் அதே சட்டம்தான்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரியவர் என்பது மாமனார். ஊரிலுள்ள பெரிய கட்டடங்களில் பாதி அவர் போட்ட படம். பூவேலை, வளைவு, நகாசு எதுவும் ஆகாது. நேர்கோடுதான் அவருக்குச் சாமி. ஆள் நெட்டை. தன் முழங்காலை அளந்து, அந்த உயரத்துக்கு நாற்காலி போட்டார். கால் எட்டவில்லை என்று யாராவது முனகினால், "நாற்காலி மனுஷனுக்கு வளையாது. மனுஷன்தான் நாற்காலிக்குப் பழகணும்" என்பார். மாமியார் பழகிப் பழகியே போய்ச் சேர்ந்தார்.

மருமகளுக்கு அது பழகவில்லை. அவள் குள்ளம். நான் சொல்லவில்லை, அவளே சொல்லிக்கொள்வாள். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். அந்தக் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் இவள் காலடியில் இன்னொரு பிரேக். அதனால் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பிரேக் மேடம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். வெளியே அந்தக் காலால் எத்தனையோ பேரைக் காப்பாற்றுகிறவள், வீட்டுக்கு வந்தால் அதே காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும். எரிச்சல் வருமா, வராதா?

இப்போது வேறு ஊரில் அந்தப் பள்ளிக்கு ஒரு கிளை திறக்கிறார்கள். இவள்தான் பொறுப்பு. திங்கட்கிழமை சேர வேண்டும். அங்கே வீடுகூடப் பார்த்தாகிவிட்டது. "கண்காட்சி திறக்கட்டும், மறுநாளே கிளம்பிடலாம். நான் பின்னாடியே மாத்தல் வாங்கிக்கிறேன்" என்று கணவன் சத்தியம் செய்திருக்கிறான். பெரியவரை அடுத்த தெருவில் இருக்கும் நாத்தனார் பார்த்துக்கொள்வாள். ஒரே மகன் விடுதியில் தங்கிப் படிக்கிறான், அவன் எப்போதோ தப்பித்துவிட்டான். இனி இவள் தப்பிக்க வேண்டியதுதான் பாக்கி.

"யாரும் இல்லையா வீட்ல?" என்று குரல் வந்தது. நாத்தனார்தான். அவள் குரல் முதலில் வரும், ஆள் பிறகு வருவாள்.

"வாங்க அண்ணி. டீ போடட்டுமா?"

"டீ கிடக்கட்டும். இதைப் பாரு முதல்ல. கண்ணை மூடிட்டுத் திற."

கையில் கனமான ஒரு புத்தகம். கண்காட்சிக்கென்று அருங்காட்சியகம் போட்டது. அட்டையில் ஒரே ஒரு நாற்காலி, கறுப்புப் பின்னணியில் தனியாக நின்றது. அது மருமகளின் நாற்காலி.

"தாழ்ந்த நாற்காலின்னு பேரே வச்சிட்டாங்க!" என்றாள் நாத்தனார். "வரிசையா வச்சுப் பாத்திருக்காங்க. மத்த அஞ்சும் ஒரே மட்டம். உன்னோடது மட்டும் மூணு விரல் கீழே. அந்த மியூசியம் டைரக்டர் அம்மா அசந்தே போயிட்டாங்களாம். என்ன எழுதியிருக்காங்கன்னு கேளு."

அவள் எழுத்துக் கூட்டாத குறையாக, நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

"‘வாழ்நாள் முழுவதும் தன் விதியை இம்மியும் தளர்த்தாத கலைஞர், ஒரே ஒரு முறை தளர்த்தினார். வீட்டுக்கு வந்த மருமகளின் பாதம் தரையில் பட வேண்டும் என்பதற்காக.’"

படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "எங்கப்பாவைக் கல்லுன்னு சொன்னவங்க எல்லாம் இதைப் படிக்கணும். நானே எத்தனை தடவை சொல்லியிருக்கேன், பாவி. எனக்குக்கூட இறக்கலைடி அவர். உனக்கு இறக்கியிருக்கார்."

கணவன் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தான். புத்தகத்தின் அட்டையைப் பார்த்தான். தேள் கொட்டின திருடன் மாதிரி நின்றுவிட்டான்.

ஏன் என்று உங்களிடம் மறைப்பானேன்? அந்த நாற்காலியைப் பெரியவர் இறக்கவே இல்லை. பல வருஷத்துக்கு முன்னால் அவர் ஏதோ விருது வாங்க வெளிநாடு போயிருந்தபோது, பக்கத்து வீட்டில் ரம்பம் இரவல் வாங்கி, மருமகளே அறுத்தாள். நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டவன் சாட்சாத் இவன்தான்.

ஒரு விரல் அறுப்பதுதான் திட்டம். ஒரு கால் கொஞ்சம் கட்டையாகப் போய்விட்டது. நாற்காலி ஆடியது. மற்ற மூன்றையும் அதற்குச் சரியாக அறுத்தார்கள். இப்போது வேறொரு கால் ஆடியது. இப்படியே ஒரு விரல் இரண்டாகி, இரண்டு மூன்றாகி, "போதும்டி, இதுக்கு மேல அறுத்தா பலகைதான் மிஞ்சும்" என்று அவன் கெஞ்சிய பிறகுதான் ரம்பம் நின்றது. அறுத்த இடத்தில் கறுப்பு ஷூ பாலிஷ் தடவினார்கள். பிறகு இரண்டு பேரும் தரையில் உருண்டு உருண்டு சிரித்தார்கள். அவர்கள் கல்யாண வாழ்க்கையில் அப்படிச் சிரித்த நாள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பெரியவர் திரும்பி வந்தார். ஒரு வாரம் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கவனிக்கவே இல்லை. சமையலறைக் கதவோரத்து மூலை நாற்காலி அது. எல்லோரும் எழுந்து போன பிறகு உட்காருகிறவளின் நாற்காலி. அதை யார் பார்த்தார்கள்?

இப்போது ஊரே பார்க்கப் போகிறது.

நாத்தனார் பெரியவரை எழுப்பப் போனதும், சமையலறையில் கணவன் கிசுகிசுத்தான்.

"நாம வாயைத் திறக்க வேண்டாம்."

"நான் எங்கே திறந்தேன்?"

"இல்ல, உன்னைப் பேசச் சொல்வாங்க. அந்த நாற்காலியில உக்கார வச்சு போட்டோ எடுப்பாங்களாம். நீ பாட்டுக்கு உண்மை விளம்பி மாதிரி ஏதாவது..."

"இவ்வளவு விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் டீ வடிகட்டியைத் தேடினான். கையில்தான் வைத்திருந்தான்.

"அக்கா சொன்னா" என்றான். "இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ. நாளைக்குக் கிளம்பறோம்."

"கிளம்பறோம்ல?"

"அதான் சொல்றேனே."

கேள்விக்கு ஆமாம் என்று சொல்லாமல் ‘அதான் சொல்றேனே’ என்கிற ஆண்பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மருமகள் அன்றைக்கு அதை விட்டுவிட்டாள். மனசு முழுக்க நாளைய பயணத்தில் இருந்தது.

அருங்காட்சியகத்துக்கு அவள்தான் காரை ஓட்டிக்கொண்டு போனாள். நாத்தனார் முன்னால் உட்கார்ந்து, "லெப்ட்ல வண்டி, லெப்ட்ல வண்டி" என்று வழி முழுக்கப் பாடம் எடுத்தாள். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவளுக்கே பாடம்! பின்னால் தகப்பனும் மகனும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பெரியவர் மடியில் அந்தப் புத்தகம் இருந்தது. ஒரே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, படித்தாரோ பார்த்தாரோ, பக்கத்தைத் திருப்பவே இல்லை.

அருங்காட்சியகக் கூடம் குளுகுளுவென்று இருந்தது. வெள்ளைச் சுவர், வெள்ளைக் கூரை. நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடை. மேடை மேல் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. அதன் முன்னால் ஆறு நாற்காலிகள் வரிசையாக, முகம் காட்டி, பள்ளிக்கூடப் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நின்றன. ஐந்தின் மேல் சாதாரண விளக்கு. ஆறாவதன் மேல் தனி விளக்கு. சுற்றிக் கயிறு. கயிற்றில் ஓர் அட்டை: ‘தொடாதீர்கள்.’

இத்தனை வருஷம் சாம்பார்க் கறை துடைத்த மேஜையை இப்படிப் பார்த்ததும் மருமகளுக்குச் சிரிப்புதான் வந்தது.

பெரியவர் நேரே போய்க் கயிற்றைத் தாண்டிக் கையை நீட்டி, மேஜை விளிம்பைத் தடவினார். காவலாளி ஓடி வந்தான்.

"சார், சார்! தொடக்கூடாது சார்."

"நான் பண்ணினதுப்பா இது."

"யார் பண்ணினா என்ன சார், தொடக்கூடாதுன்னு போட்டிருக்கு."

பெரியவர் கையை எடுத்துவிட்டார். நாற்பது கொத்தனார்களை ஒரு பார்வையில் நிறுத்திய மனிதர், ஒன்றும் பேசாமல் கையை எடுத்ததைப் பார்த்தபோது மருமகளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நாத்தனாரும் கணவனும் இயக்குநர் அம்மாவைத் தேடிப் போயிருந்தார்கள். இவர்கள் இருவர் மட்டும் கயிற்றோரம் நின்றார்கள்.

"அறுத்தது நீதானே?" என்றார் பெரியவர்.

குரல் உயரவில்லை. முகம் திரும்பவில்லை.

"ஆமா மாமா."

"இடது பின்னங்கால்ல ரம்பம் கோணலாப் போயிருக்கு."

"கை நடுங்கிடுச்சு."

"யார் பிடிச்சுக்கிட்டது?"

கணவனைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. பாவம், அவள் அப்படி.

"உங்களுக்கு எப்ப தெரியும் மாமா?"

அவர் மூடி வைத்திருந்த புத்தகத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என்னைப் பெரிய ஆளுன்னு எழுதினவங்க நிறைய பேர். அலமாரி நிறைய இருக்கு. நல்லவன்னு ஒருத்தரும் எழுதினதில்லை. இந்த அம்மாதான் முதல்ல எழுதியிருக்காங்க. உன் மாமியார் இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா. சிரிக்கட்டும். ஆனா நீ சொல்லிடாதே. நான் கேட்டுக்கிறேன்."

அந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் பெரியவர் அவளிடம் எதையும் ‘கேட்டது’ கிடையாது. உத்தரவுதான் போட்டிருக்கிறார்.

"சொல்ல மாட்டேன் மாமா" என்றாள்.

சொன்ன சூட்டோடு, ஆப்பசைத்த குரங்கின் வால் மரப்பிளவில் மாட்டிக்கொண்டது. அவளுக்குத்தான் அது இன்னும் தெரியாது.

கூட்டம் சேர்ந்தது. கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள், பத்திரிகைக்காரர்கள், பெரியவரிடம் ஒரு காலத்தில் திட்டு வாங்கி இப்போது பெரிய ஆட்களாகிவிட்டவர்கள். இயக்குநர் அம்மா மேடைக்கு வந்தார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். நல்ல மனுஷி, அதைச் சொல்லியாக வேண்டும். நல்லவர்கள் கையில் மாட்டிக்கொண்டால் தப்பிப்பது இன்னும் கஷ்டம்.

அவர் பேசினார். நேர்கோட்டைப் பற்றிப் பேசினார், மரத்தின் நேர்மையைப் பற்றிப் பேசினார், பிறகு தாழ்ந்த நாற்காலிக்கு வந்தார். குரல் தழுதழுத்தது.

"அந்த மருமகளே இங்க இருக்காங்க. அவங்க நாற்காலியில அவங்களே வந்து உக்காந்து, நம்மகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும். இன்னிக்கு ஒரு நாள் தொடலாம்" என்று காவலாளியைப் பார்த்துச் சிரித்தார். கூட்டமும் சிரித்தது.

கயிறு திறந்தது. மருமகள் மேடையேறினாள். கணவன், நாத்தனார், பெரியவர் மூவரும் பின்னால் வந்து நின்றார்கள். ஒலிவாங்கியை அவள் கையில் கொடுத்தார்கள். எதிரே இத்தனை கேமரா. அவள் உட்காரவில்லை, நின்றபடியே பேசினாள். பொய்யும் சொல்லக் கூடாது, உண்மையும் சொல்லக் கூடாது. நெரிசலான சந்தில் பின்னோக்கி வண்டியை எடுக்கிற மாதிரிதான், இஞ்சு இஞ்சாகப் பேச வேண்டும்.

"அந்த வீட்ல எனக்குக் கால் தரையில பட்டது இந்த நாற்காலியில மட்டும்தான்" என்றாள்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தையும் பொய் இல்லை. கைதட்டல் கூரையைத் தொட்டது. நாத்தனார் கண்ணைத் துடைத்தாள். பெரியவர் தலை குனிந்து நின்றார். மருமகளுக்கும் உள்ளூர ஒரு நிம்மதி. முடிந்தது. நாளைக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

"இதைவிடப் பெரிய சந்தோஷம் ஒண்ணு இருக்கு" என்றார் இயக்குநர் அம்மா. "கண்காட்சி முடிஞ்சதும் இந்த நாற்காலிகள் எல்லாம் வீட்டுக்கே திரும்பப் போகுது. அந்த வீட்டையே மியூசியம் ஏத்துக்குது. பூட்டி வைக்கிற வீடா இல்ல. அன்பு இருந்த வீடுன்னு இந்த நாற்காலியே சொல்லுதே, அதனால ஆள் வாழற வீடாவே இருக்கணும்னு முடிவு பண்ணினோம். மகனும் மருமகளும் அங்கேயே இருந்து, வர்றவங்களுக்கு வீட்டைச் சுத்திக் காட்டுவாங்க. எல்லாப் பொருளும் அதது இடத்துல, அப்படியே இருக்கும். மகன் சம்மதிச்சுட்டார். அவருக்கு ஒரு கைதட்டல்!"

மருமகளுக்குக் காதில் ஏதோ அடைத்த மாதிரி இருந்தது. கைதட்டுகிற கைகள் தெரிந்தன, சத்தம் கேட்கவில்லை. பித்தளைப் பொட்டுகள். ஒவ்வொரு காலும் அதனதன் பொட்டில். அவற்றோடு இன்னொரு பொட்டு, அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை இந்த நாற்காலியில் உட்கார்ந்து, மாமா எனக்காக இறக்கினார் என்று சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அவள் கையால் அறுத்த நாற்காலி! அதை அறுக்காமல் விட்டிருந்தால் அன்பு இருந்த வீடு என்று யாரும் சொல்லியிருக்கப் போவதில்லை. வீட்டை யாரும் கேட்டிருக்கப் போவதுமில்லை.

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். ஒலிவாங்கியைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"மெதுவா. எல்லாரும் பாக்கறாங்க."

"எப்ப தெரியும்னு கேட்டேன்."

"போன வாரம் அக்கா பேசினா... அப்பாவுக்கு எவ்வளவு பெரிய கௌரவம் இது. உன்கிட்ட சமயம் பாத்துச் சொல்லலாம்னு இருந்தேன்."

"நாளைக்குக் கிளம்பறோம்னு காலையிலகூடச் சொன்னீங்களே!"

நாத்தனார்தான் இடையில் புகுந்தாள், "வேலை எங்க போயிடும்? அப்புறம் பாத்துக்கலாம், இப்ப சிரி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே.

மருமகள் ஒலிவாங்கியை உயர்த்தினாள்.

"மன்னிக்கணும். என்னை யாரும் கேக்கலை. நான் திங்கட்கிழமை வேற ஊர்ல வேலைக்குச் சேர்றேன். அந்த வீட்ல நான் இருக்கப் போறதில்லை."

கூடம் அடங்கிவிட்டது. இயக்குநர் அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் மகனைப் பார்த்தார். எல்லோரும் மகனைப் பார்த்தார்கள்.

அந்த ஒரு கணத்தில் அவனுக்கு வழி இருந்தது. ‘ஆமாம், நாங்கள் கிளம்புகிறோம்’ என்று சொல்லியிருக்கலாம். தரையில் உருண்டு சிரித்த அந்த மத்தியானம் அவனுக்கும் ஞாபகம் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அவன் மனைவியின் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கினான். மென்மையாகத்தான் வாங்கினான்.

"தமாஷ் பண்றா" என்றான். "எப்பவும் இப்படித்தான். நாங்க எங்கயும் போகலை."

சிரிப்பு. கூடம் முழுக்க, பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சிரிப்பு. தோழிகளே, ஒரு மனுஷியின் பேச்சை வெட்டுவதற்கு ரம்பம் எதற்கு?

"ஐயா நீங்க சொல்லுங்க" என்று இயக்குநர் அம்மா பெரியவர் பக்கம் திரும்பினார். "வீட்ல மருமக இருக்கணும்தானே?"

மருமகள் அவரைப் பார்த்தாள். மாமா, நான் உங்களுக்காக வாயை மூடினேன். எனக்காக நீங்கள் திறங்கள். கண்ணாலேயே கேட்டாள். அந்தப் புத்தகம் சொல்கிற நல்லவர் நிஜமாகவே உள்ளே எங்கேயாவது இருந்தால், இப்போது வரவேண்டும்.

பெரியவர் வாயைத் திறந்தார். மூடினார்.

"கொஞ்சம் உக்காரணும்" என்றார்.

மேடையில் ஆறு நாற்காலிகள் இருந்தன, அவர் போட்டவை. அவர் எதன் பக்கமும் போகவில்லை. காவலாளி ஓடிப் போய்த் தன்னுடைய பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டு வந்து போட்டான். பெரியவர் அதில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். "வயசாச்சு, களைப்பு" என்று நாத்தனார் எல்லோருக்கும் விளக்கம் சொன்னாள். விழா நடந்துகொண்டே இருந்தது.

மருமகள் மேடையிலிருந்து இறங்கினாள். யாரும் தடுக்கவில்லை. கூட்டம் சிரித்த முகத்தோடு வழிவிட்டது. ஒரு பெண் அவள் கையைப் பிடித்து, "கொடுத்து வச்சவங்க நீங்க" என்றாள். கணவன், "எங்க போறே? போட்டோ இருக்கு" என்று மேடையிலிருந்தே கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை.

வாகனம் நிறுத்துமிடத்துக்கு வந்து, காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தியதும்தான் அழுகை வந்தது. ஆத்திரத்தில் வருகிற அழுகை. இத்தனை வருஷம் கூட இருந்தவன் ‘தமாஷ்’ என்றுவிட்டானே! ஸ்டியரிங்கை ஒரு குத்துக் குத்தினாள். போகத்தான் போகிறாள். அவன் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். நாளை வரைக்கும் ஏன், இப்போதே. பெட்டி தயாராக இருக்கிறது. வீட்டுக்குப் போய் எடுக்க வேண்டியதுதான்.

சாவியைப் போட்டாள்.

பக்கத்துக் கதவு திறந்தது. அவன்தான் என்று நினைத்து, "இறங்குங்க" என்று கத்தினாள்.

பெரியவர். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவள் கத்தியதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்து உட்கார்ந்து, தானே கதவைச் சாத்திக்கொண்டார். கையில் புத்தகம் இல்லை.

"மாமா, நான் போறேன். தடுக்காதீங்க."

"தடுக்க வரலை."

"அங்க ஏன் பேசலை நீங்க? ஒரு வார்த்தை. ‘அவ போகட்டும்’னு ஒரே ஒரு வார்த்தை!"

"பேசியிருக்கணும்" என்றார். "தைரியம் வரலை."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவள் கேட்டதே இல்லை. அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி பேசினார்.

"எப்ப தெரியும்னு கேட்டியே. வயசானா உடம்பு சுருங்கிடும்னு எனக்கு யாரும் சொல்லலை. ஒரு நாள் என் நாற்காலியில உக்காந்தேன், கால் தரையில படலை. நான் போட்ட நாற்காலி, என் கால். யார்கிட்ட போய்ச் சொல்றது? நீ வேலைக்குப் போனதும் ஒவ்வொண்ணா உக்காந்து பாத்தேன். உன்னோடதுல பட்டுச்சு. அன்னியிலேருந்து தினம் மத்தியானம் அதுலதான் உக்காருவேன். நீ வர்ற சத்தம் கேட்டதும் எழுந்து, நாற்காலிக் காலைப் பொட்டுல வச்சுடுவேன்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அப்போதும் அவர் பார்க்கவில்லை.

அருங்காட்சியக வாசலில் கணவன் தெரிந்தான். இங்கேயும் அங்கேயும் தேடிவிட்டுக் காரைக் கண்டுகொண்டான். கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான். அவன் பின்னால் நாத்தனாரின் குரல் வந்தது.

"அந்த வீட்ல எனக்கு உக்கார இருந்தது அது ஒண்ணுதாம்மா" என்றார் பெரியவர். "அதையும் கயிறு கட்டிட்டாங்க. நான் அங்க போக மாட்டேன். என்னையும் கூட்டிட்டுப் போயிடு."

சாவியின் மேல் இருந்த கை அப்படியே நின்றது. வண்டியைக் கிளப்பவும் முடியவில்லை, இறங்குங்கள் என்று சொல்லவும் அவளால் முடியவில்லை.